பொனட்டைத் திறந்து காட்டி விற்றேன்

2021இல் ஒரு மொரிஸ் மைனரை விற்றேன். உள்ளே இருந்த எஞ்சினுக்கு அதன் பிரேக் போதாது என்பது எனக்குத் தெரியும். பெற்றறி வயர் போன வழி ஆபத்தானது என்பதும் தெரியும். வாங்கியவரிடம் இரண்டையும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையே என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக் கேட்க விடாமல் செய்ததும் நான்தான். பொனட்டைத் திறந்து காட்டினேன். அதற்குமேல் அவர் எதையும் பார்க்கவில்லை.

மட்டக்களப்பின் கல்லடியில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். அந்தக் கார் என்னிடம் வந்தபோது அதற்குள் 948 சிசி எஞ்சின் இருந்தது. கம்பனி கொடுத்த வலு 37 குதிரைவலு. சிலிண்டர் தேய்ந்து, புகை தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு டட்சன் சனியின் ஏ12 எஞ்சினை, 1171 சிசி, கியர்பொக்ஸோடு சேர்த்து வைத்தேன். மைனருக்கு டட்சன் எஞ்சின் போடுவது இலங்கையில் புதுமையில்லை. அளவு ஒத்துப்போகும், உதிரிப்பாகமும் கிடைக்கும். மவுண்ட் வெல்டிங்கும், வெட்டிச் சேர்த்த புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒழுங்கான வேலை. பழைய லூக்காஸ் டைனமோவுக்கு பொசிற்றிவ் ஏர்த். அதை மாற்றி அல்டர்நேற்றர் கொடுத்ததிலும் பிழை இல்லை. இன்றைக்கும் அவற்றுக்கு நான் பொறுப்பு நிற்பேன்.

பிழை, அழகு பார்க்கத் தொடங்கிய இடத்தில் தொடங்கியது. மைனரில் பெற்றறி, எஞ்சினுக்குப் பின்னால் பயர்வோலை ஒட்டிய தட்டில் இருக்கும். அது கண்ணை உறுத்தியது. தட்டை வெட்டி எடுத்து, ஓட்டைகளை அடைத்து, பெற்றறியைப் பின்னால் டிக்கிக்குள் கொண்டுபோனேன். வயர்களை எல்லாம் மட்கார்ட்டின் உட்பக்கத்தால் ஒளித்தேன். வால்வ் கவரை மினுக்கினேன், ஹோஸ் பைப்புக்குக்கூட நிறம் பார்த்து கிளிப் போட்டேன். திறந்தால் எஞ்சின் தனியே மிதப்பதுபோல இருக்கும். ஒரு வயர் தெரியாது. கல்லடிப் பாலத்தடியில் நிறுத்தினால் பெடியள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டியிருந்தது.

டிக்கியிலிருந்து முன்னால் வரும் பெற்றறி வயர் தடித்தது. பியூஸ் இல்லாவிட்டால், அது உடம்புத் தகட்டில் பட்ட கணமே நெருப்புத்தான். தகட்டில் துளை போட்டால் விளிம்பில் ரப்பர் வளையம் பதித்துத்தான் வயரை உள்ளே விட வேண்டும். ஒரு துளையில் நான் வளையம் பதிக்கவில்லை. கையில் இருந்த வளையம் அளவில்லை. ரேப்பைச் சுற்றி இழுத்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். மேலே கம்பளம் போட்டதும் அந்தத் துளை என் கண்ணிலிருந்தும் மறைந்தது. பெற்றறியருகே பெரிய பியூஸ் போட்டிருந்தாலாவது மனம் ஆறும். அதையும் போடவில்லை.

பிரேக் கதை இன்னும் மோசம். 948 சிசி மைனருக்கு நாலு சில்லிலும் 7 அங்குல ட்ரம். 1962இல் 1098 சிசி எஞ்சின் வைத்தபோது கம்பனிக்காரனே முன் ட்ரம்மை 8 அங்குலமாக்கினான். நான் அதைவிடப் பெரிய எஞ்சினை வைத்துவிட்டு 7 அங்குலத்திலேயே விட்டேன். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் சேசிக்குள் இருக்கும். அதைக் கழற்றுவதற்கு டோர்ஷன் பார் வழிமறிக்கும். ஒரு முழுநாள் முதுகொடியும் வேலை, முடிந்தாலும் ஒருவர் கண்ணிலும் படாது. அதே நேரத்தை வால்வ் கவரை மினுக்கக் கொடுத்தேன்.

எங்கள் ஊர்க் காற்றை நினைத்தால் வயரை ஒளித்ததன் பாரம் கூடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் வாவி. செம்புக் கம்பி வெளியே தெரிந்தால் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். தெரிகிற வயர் என்றால் ஆரம்பத்திலேயே கண்டு துடைக்கலாம். மட்கார்ட்டுக்குள் நான் புதைத்த மூட்டுகளை யார் பார்ப்பது?

எனக்குத் தொழில் பழக்கியவர் வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரைக்காரர். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு அந்தக் கரையில் எரிபொருளும் பெற்றறியும் எளிதில் கிடைக்கவில்லை. வடக்கில் ஒஸ்ரின் ஏ40களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை எல்லோரும் அறிவார்கள். வாவிக்கு அப்பாலும் கிடைத்ததைக் கொண்டுதான் எஞ்சினை ஓட்டினார்கள். சேலைன் குழாய், சைக்கிள் ரியூப், கயிறு, எல்லாம் வெளியே தெரியும். நடுவழியில் நின்றால் யாரும் குனிந்து பார்த்துச் சரிசெய்யலாம். என் மைனரைப் பார்க்க வந்த அந்த ஆசான் பொனட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு மனே, வயர் எதால போகுது?” என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். அவருக்குப் பதில் சொல்லியிருந்தால், ஒருவேளை அந்த வாரமே துளையைத் திறந்து திருத்தியிருப்பேன்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தையும் நான் மாற்றவில்லை. காரின் புத்தகத்தில் பழைய 948இன் இலக்கமே இருந்தது. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியதும் பழைய கார்களின் விலை ஏறியது. ஏறின விலைக்கே கொடுத்தேன். வாங்கியவர் இளம் பிள்ளை, வாழைச்சேனைப் பக்கத்தவர். “பிரேக் எல்லாம் எப்படி பாஸ்?” என்று அவர் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். இதை எழுதும்போதுதான் அதை எனக்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் காருக்கு விபத்து நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதனால் என் குற்றம் குறையாது. வாங்கியவரும் விற்று, கை மாறிப்போன கார் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிழக்கில் டட்சன் எஞ்சின் போட்ட மைனர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றறி டிக்கியில் இருந்தால், பின்சீற்றைத் தூக்கிக் கம்பளத்தை விலக்கி, வயர் தகட்டைத் துளைக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே வெறும் ரேப் சுற்றியிருந்தால் பெற்றறியின் ஏர்த்தைக் கழற்றிவிட்டு, காரை எடுக்காமல் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வயரும் பிரேக்கும் புத்தகத் திருத்தமும் என் செலவு.