பிருந்தா பாடிய பதம்

17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் இயற்றிய 'பய்யெத பைமீத' பதத்தை டி. பிருந்தாவின் (1912–1996) குரலில் மயிலாப்பூர் வீட்டில் அடிக்கடி கேட்கிறோம். தலைவன் விலகிவிட்டான், காதல் இவளிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பாட்டி வீணை தனம்மாளின் மரபில் வந்த சௌக்க காலத்தில், நாதநாமக்கிரியை கண்ணீரின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. பிருந்தா கெஞ்சுவதில்லை, ஒவ்வொரு சொல்லையும் அவசரமின்றி வைத்து நகர்கிறார்.

ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை இலக்கணம் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது என ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். கூடிப் பிரிந்த இத்தலைவி கைக்கிளைக்கு உரியவள் அல்லள்; ஆயினும் மறுமொழியற்ற அன்பின் கண்ணியத்தை அவளிடமே அறிந்தோம். மறுக்கப்பட்ட காதலை அவமானமாகவே எண்ணிக் குமையும் மாணவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். இனி நூற்பாவோடு இப்பதத்தையும் அவர்கள் கேட்கட்டும்.