நந்தவனத்து ஒருபருவச் செடிகள்

சிவமயம்

சைவ சித்தாந்த நூல்கள் கூறும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் முதற்கண் நிற்பது சரியை. திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், திருவிளக்கிடுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல், நந்தவனம் வைத்தல் முதலியன அதன் உறுப்புக்களாம். இவற்றுட் பலவற்றை அன்றன்று தொடங்கி அன்றன்றே முடித்தல் கூடும். நந்தவனம் வைத்தலோ அத்தகையதன்று. மார்கழியில் மலர் வேண்டுவோர் ஆவணியிலேயே மண்ணைக் கொத்துதல் வேண்டும். ஆதலின் அப்பணி உடலுழைப்போடு பொறுமையையும் வேண்டி நிற்பதாயிற்று.

திருப்புகலூரில் அவதரித்த முருகநாயனார் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் பறித்து, வெவ்வேறு கூடைகளிற் சேர்த்து, மாலைகளாக அமைத்துச் சாத்தி வழிபட்ட வரலாறு சைவர் யாவரும் அறிந்ததே. புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என அட்டபுட்பங்களை எண்ணுவர். இவ்வெட்டும் மரத்தினும் புதரினும் நீரினும் பூப்பன. ஒருபருவம் வாழ்ந்து மடியும் சிறு செடியிற் பூப்பது இவற்றுள் ஒன்றுமில்லை. ஆயினும் அத்தகைய சிறு செடிகளைச் சிவபிரான் புறக்கணித்தானல்லன். வயல்வரப்பிலும் வழியோரத்திலும் மழைக்கு முளைத்து வெயிலுக்கு மடியும் தும்பையின் மலர் அவன் திருமுடிக்கு மிக உவந்ததாகப் போற்றப்படுகின்றதன்றோ?

சோழநாட்டுச் சிற்றூர்ச் சிவாலயம் ஒன்றிலே நந்தவனப் பணி புரியும் அடியார் ஒருவர் உளர். அகவை 74. திருமதிலின் புறத்தே 20 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள ஒரு பாத்தியே அவருடைய உலகம். அகலம் 4 அடிக்கு மேற்படின் நடுவிலுள்ள செடியை எட்டுதற்குப் பாத்தியுள் அடியிட நேரும். மிதிபட்ட மண் இறுகி வேரை வருத்தும் என்பது அவர் கருத்து. ஐப்பசி மழையில் நீர் தேங்காதிருக்கப் பாத்தியை அரையடி உயர்த்தியிருக்கின்றார். ஐப்பசி முதல் மாசி வரை ஞாயிறு தென்பாற் சாய்ந்து செல்லுதலின், உயர்ந்து வளரும் கோழிக்கொண்டையையும் துலுக்கச் செவ்வந்தியையும் வடவோரத்தில் நிறுத்துவார். அவற்றின் முன் வாடாமல்லி. அதன் முன் காசித்தும்பை. தென்னோரத்தில், பிறர் களையென்று பிடுங்கியெறியும் தும்பை. இவ்வாறு நிறுத்தினால் ஒன்றன் நிழல் மற்றொன்றின் மேல் விழாது. செம்மையும் பொன்மையும் ஊதாவும் வெண்மையும் படிப்படியாக இறங்கிவரும் அவ்வழகு, வெயிலை யாவற்றுக்கும் ஒப்பப் பகிர்ந்தளித்ததனால் தானே வந்து பொருந்தியது.

துலுக்கச் செவ்வந்தியும் வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தன. பண்டை நூல்களில் இடம்பெறாதன. அவற்றை அவர் அருச்சனைக்குக் கொள்வதில்லை; வாயில் தோரணத்துக்கும் திருவுலா அலங்காரத்துக்குமே வைத்துக்கொள்வார். வந்தாரை விலக்காமலும் விதியை நெகிழ்த்தாமலும் இருத்தற்கு இஃது ஒரு நெறியாம்.

இக்காலத்தில் தோவாளை, நிலக்கோட்டை போன்ற சந்தைகளிலிருந்து மலர் நெடுந்தூரம் பயணஞ்செய்து வருகின்றது. இரவிற் பறித்ததும், பறித்து வைத்தபின் அலர்ந்ததும், பழையதும் ஆகிய மலர்களை வழிபாட்டுக்கு ஆகாவென்று ஆன்றோர் விலக்கியிருக்கின்றனர். விலைக்கு வாங்கும் மலரில் இவற்றையெல்லாம் தேர்ந்தறிதல் அரிது. ஆதலாற் பெருங்கோயிலாயினும் சிறுகோயிலாயினும் தனக்கென ஒரு பாத்தியேனும் உடைத்தாயிருத்தல் இன்றியமையாதது.

இனி, ஒருபருவச் செடியின் இயல்பு ஒன்று சிந்திக்கத்தக்கது. அது பூப்பது வித்திடுதற்பொருட்டு. வித்து முற்றியவுடன் தன் கடன் முடிந்ததெனக் கருதியதுபோல வாடத் தொடங்கும். மலரை நாடோறும் பறித்துவரின் வித்துக் கட்டாமையின், மீண்டும் மீண்டும் அரும்பும். ஆகவே நாள்தோறும் இறைவனுக்குக் கொடுக்கும் பாத்தியே நெடுநாள் பூக்கும். ஆனால் எல்லாவற்றையும் பறித்துவிட்டால் வருமாண்டுக்கு வித்து இல்லை. சிறந்த மலர் இறைவனுக்கு உரியது. சிறந்த செடியோ வித்துக்கு உரியது. இவ்விரண்டும் முரணுமிடத்து அடியவன் செய்யத்தக்கது யாது?

இவ்வினா அவ்வடியார்க்கு ஓராண்டு நேரிற் புகுந்தது. ஐப்பசி அடைமழையில் காசித்தும்பை நாற்று முழுதும் அழுகிற்று. சேமித்திருந்த வித்தையும் இரண்டாமுறை விதைத்தார். கார்த்திகை மழையில் அவற்றுள்ளும் ஒன்றே பிழைத்தது. அதன் தண்டும் அடியில் நைந்திருந்தது. முன்னிருந்த தொண்டர் கையிலிருந்து வந்து, 30 ஆண்டுக்கு மேலாக அப்பாத்தியில் வழிவழி முளைத்த வித்து அது. மார்கழித் திருவாதிரைக்கு முன்னாள் அச்செடியில் வெள்ளை மலர் 7 மலர்ந்திருந்தன. மறுமுறை பூக்கும் என்னும் உறுதியில்லை.

மலர் பறிக்க உடன் வந்த இளைஞர் திருமுறை பயில்பவர். அவர், "ஐயா, நாளைத் திருவாதிரை. இவ்வேழும் கூத்தப்பிரானுக்கன்றி வேறு யாருக்கு?" என்றார்.

"தம்பி, இவற்றை விட்டுவிடு. தும்பை நிரம்பப் பூத்திருக்கிறது, வில்வமும் உண்டு" என்றார் அடியார்.

இளைஞர் அமையவில்லை. "இளையான்குடிமாற நாயனார் விதைத்த நெல்லையே நள்ளிரவில் வாரிக்கொண்டு வந்து அடியாருக்கு அமுது அளித்தாரே! வித்தைக் காத்தல் பெரிது என்று அவர் எண்ணினாரா?" என்று வினவினார்.

அடியார் சிறிதுபோது பேசாதிருந்தார். பின்னர், "நாயனாருடைய வாயிலில் நின்றவர் பசித்து நின்றார். பசித்தவர்க்கு வித்தும் சோறேயாம். அங்கே நாளை என்பதொன்று இல்லை. உள்ளே இருப்பவனோ குறைவிலா நிறைவுடையான். அவனுக்கு மலர் வேண்டுவது பசியினாலன்று. நாம் அவனை மறவாதிருத்தற்காக. நாளை இட்டால் நம் கைக்கு ஒருநாட் பணி. விட்டுவைத்தால் நமக்குப்பின் வருவோர் கைக்கும் பணி உண்டு. நாயனார்போல அன்பினால் எல்லாம் மறந்த நிலை எனக்கு வாய்த்ததாயின், நீ கேளாமுன்பே பறித்திருப்பேன். அந்நிலை வாராதபோது அச்செயலை மட்டும் மேற்கொள்வது பொருந்துமா?" என்றார்.

மறுநாட் கூத்தப்பிரானுக்குத் தும்பையும் வில்வமும் சாத்தப்பெற்றன. தும்பையிலே ஒரு நயம் உண்டு. அதன் வெண்மலரைக் கிள்ளுங்கால் பசும்புல்லி தண்டிலேயே நின்றுவிடும். வித்துத் தங்குவது அப்புல்லியின் அடியிலாதலின், முன்னரே மகரந்தம் பெற்றதாயின் மலரைக் கொடுத்தபின்னும் அது வித்தை இழப்பதில்லை. ஏனைச் செடிகளுக்கு அந்நயம் இல்லாமையின், அவற்றுக்காகத் தொண்டனே எண்ணி நடத்தல் வேண்டியதாயிற்று.

ஏழு மலருள் 4 காயாயின. காசித்தும்பைக் காய் முற்றியபின் தொட்ட அளவில் வெடித்து வித்தைச் சிதறும் இயல்பினது. ஆதலால் அவர் ஒவ்வொரு காய்க்கும் மெல்லிய துணி கட்டிவைத்தார். தை முடியுமுன் செடி பட்டுப்போயிற்று. கிடைத்த வித்தை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, சிறு மண்கலத்திலிட்டு வாய்கட்டி, அவ்விளைஞர் கையிலேயே கொடுத்துவிட்டார். "முழங்கால் மடங்க மறுக்கிறது. ஆவணியில் நீயே விதை. பாதியை விதைத்து, பாதியை மழை விடும்வரை வைத்திரு" என்பதே அவர் கூறியது.

ஆவணியில் இளைஞர் விதைத்தார். நாற்று 11 எழுந்தன. அடியார் கோலூன்றி வந்து பாத்தியின் ஓரத்திலே அமர்ந்து, எதனை எங்கே நடுவதென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறுமை, இரக்கம், அறிவு, மெய், தவம், அன்பு என்னும் எட்டும் அகப்பூசைக்குரிய மலர்களென்பர் பெரியோர். புறத்தே மலர் வளர்ப்போர்க்கு இவற்றுட் பொறுமை முதலில் அரும்புகின்றது. பின்னர்த் தான் காணாத நாளைக்கும் இறைவனுக்குப் பணி நிகழ வேண்டும் என்னும் கருத்து வருகின்றது. தன்னை முன்னிறுத்தாத அவ்விடத்தே அன்பு தோன்றுகின்றது. சரியை எளியார்க்குரியதென்று தாழ்த்தி எண்ணுவோர் ஒரு மழைக்காலம் ஒரு பாத்தியைக் காத்துப் பார்ப்பாராக. இடமில்லாதார் ஒரு தொட்டியில் தும்பையேனும் வளர்த்து, வைகறையில் நாலு மலர் பறித்துத் தம் ஆன்மார்த்த மூர்த்திக்குச் சாத்துவாராக.

திருச்சிற்றம்பலம்