அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டி

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் காளையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். "அலங்காநல்லூரா? நீங்கள் மாடு பிடித்ததுண்டா?" என்கிறார்கள். பிடித்ததில்லை. மாடு வரும் வழியில் நின்றதுகூட இல்லை. மொட்டை மாடியில் நின்று பார்க்கும் வீரர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான்.

ஆனால் ஜல்லிக்கட்டில் இன்னொரு வீரன் உண்டு. அவனை யாரும் விசாரிப்பதில்லை. கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியைத்தான் சொல்லுகிறேன். வாடிவாசலிலிருந்து பாயும் ஒவ்வொரு காளையும் யாருடையது, அடக்கினால் அண்டாவா, கட்டிலா, தங்கக் காசா என்பதையெல்லாம் காலையிலிருந்து மாலை வரை அது முழங்கிக்கொண்டே இருக்கும். வெயிலையும் பனியையும் புழுதியையும் சட்டை செய்யாது. பொங்கல் முடிந்ததும் வண்டியில் தூக்கி எறிந்து கொண்டு போவார்கள். அடுத்த தை மாதம் அதே குழாய் அதே குரலோடு வந்து நிற்கும்.

அதைப் பார்த்தே வளர்ந்தவனாதலால், வீட்டிலுள்ள ஸ்பீக்கரும் அந்த ஜாதிதான் என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பினால் என் தகப்பனாருக்கு ஓர் அநியாயம் செய்தேன்.

அப்பா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கணக்கு எழுதியவர். 2003-ல் ஓய்வு பெற்றதும், மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கினார். அவற்றை மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு, சுமார் 15 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து இறங்கியது எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. பெயருக்கு முன்னால் மதுரை இருந்தால்தான் அவருக்குச் சங்கீதம். மதுரை மணி ஐயர், மதுரை சோமு, அப்புறம் எம். எஸ். சுப்புலட்சுமி. "எம் என்பது என்னவாம்? மதுரைதானே!" என்பார்.

2022-ஆம் வருஷம் ஒரு நாள் பெட்டி கரகரத்தது. சோமு தொண்டை கட்டிக்கொண்டு பாடினார். மிருதங்கம் காலித் தகர டப்பாவாகிவிட்டது. அப்பாவுக்கு அப்போது வயது 77. காது மந்தமாகிக்கொண்டு வந்தது. வயதானால் மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் காதை விட்டுப் போகும். ஆகவே குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போனார்.

"காது கேட்கவில்லை என்றால் சொல்ல வேண்டியதுதானே? இப்படி அலற வைத்து அலற வைத்துப் பெட்டியைக் கெடுத்துவிட்டீர்களே!" என்று கத்தினேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் பாட்டே கிடையாது. நான் கேட்டால், "வேண்டாண்டா" என்பதோடு சரி.

மனசு கேட்காமல் ஒரு சனிக்கிழமை பெட்டிகள் இரண்டையும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் என்னைவிட மூத்தவர். வலைத் துணியை எடுத்துவிட்டு, காகிதக் கோனைச் சுற்றியிருந்த கறுப்பு வளையத்தை விரலால் தொட்டார். திருநீறு மாதிரி அது உதிர்ந்தது.

"பெட்டியை எங்கே வச்சிருந்தீங்க, தம்பி?"

"மேற்கு ஜன்னலுக்குக் கீழே, அண்ணே. டி.வி. வாங்கினபோது இடம் மாத்தினோம்."

"மாத்தினது யாரு?"

மாற்றியவன் நான்தான்.

"அப்பா சத்தம் கூட்டி வச்சதாலே கெட்டுப் போச்சுன்னு..." என்று இழுத்தேன்.

அவர் நடுவிலிருந்த சின்ன மூடியைப் பிரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பிச் சுருளை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "சத்தத்தாலே போனா இந்தக் காயில் கருகியிருக்கும். மோந்து பாருங்க, வாடை இருக்கா? பளபளன்னு இருக்கு. இந்த வளையம் ஸ்பாஞ்சு. பத்து வருஷமோ இருபது வருஷமோதான் அதுக்கு ஆயுசு. ஈரக் காத்தும் வெயிலும் பட்டா இன்னும் சீக்கிரம் போகும். ரப்பர் வளையம்னா கூடத் தாங்கும். உங்க அப்பா மேலே தப்பில்லை."

அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வேலை செய்துகொண்டே சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். வாசகர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். ஒரு அப்பாவும் இருக்கலாம்.

இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பு, 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட அமைப்பின் வழி வந்தது. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள். அதோடு ஒட்டிய ஒரு கோன். சுருள் துள்ளினால் கோன் துள்ளும். கோன் துள்ளினால் காற்று பாடும். வேடிக்கை என்னவென்றால், உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் ஏறக்குறையப் பாட்டாகிறது. மற்ற 99 பங்கும் சூடாகி அந்த மெல்லிய சுருளின் தலையில் விடிகிறது. காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் மின்சாரம் சுமார் பத்து மடங்கு வேண்டும். குமிழை ஒரு சிட்டிகை திருகுகிறோம். உள்ளே அடுப்பு மூட்டுகிறோம்.

எங்கள் ஊர்க் குழாய் மட்டும் எப்படித் தாங்குகிறதாம்? அதன் சவ்வு சின்னது. கெட்டியான கூட்டுக்குள் பத்திரமாக அடைந்திருக்கிறது. குழாயே சத்தத்தைத் திரட்டிக் கொடுப்பதால் கொஞ்சம் மின்சாரத்துக்கு நிறையக் கத்தும். வீட்டு ஸ்பீக்கரோ மார்பைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும் பிராணி. ஒன்று ஜல்லிக்கட்டுக் காளை, மற்றது கறவைப் பசு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தலாமா?

பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திருகினாலும், பாட்டு உருக்குலைந்து, உயர்ந்த ஒலிக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கர் முதலில் கருகும். கரகரப்பு என்பது பெட்டி போடும் கூக்குரல். கேட்டவுடனே குறைத்துவிட வேண்டும். ஸ்விட்சுப் போடுகையில் ஆம்ப்ளிஃபயர் கடைசி. அணைக்கையில் அதுவே முதல். குமிழ் எப்போதும் அடியில் இருந்து புறப்பட வேண்டும். அதன் முதுகில் துண்டு மடித்துப் போட்டு மூச்சை அடைக்கக் கூடாது. வயர் முனைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்ட வேண்டும். ஈரத் துணி உதவாது. நடு மூடியைக் கண்டால் எந்தக் குழந்தைக்கும் அமுக்கத் தோன்றும். அதனால் வலைத் துணியைக் கழற்றி வைக்காதீர்கள். எலிக்கும் கரையானுக்கும் காகிதமும் மரமும் விருந்து. பெட்டியைத் தரையை விட்டு உயர்த்தி வையுங்கள். ஒரு பெட்டியின் வளையம் போனால் மற்றதற்கும் நாள் நெருங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

கிளம்பும்போது, "அப்பாவுக்குக் காது மந்தம், சத்தம் வைக்காமல் இருக்க முடியாதே?" என்றேன்.

"குமிழை ஏன் திருகணும்? நாற்காலியை நகர்த்துங்க. வெட்டவெளியிலே பாதித் தூரம் கிட்டப் போனா நாலு மடங்கு வாட் கூட்டினதுக்குச் சமம். வீட்டுக்குள்ளே அவ்வளவு இல்லேன்னாலும் கொஞ்சம் உண்டு. காதையும் ஒரு டாக்டர்கிட்டே காட்டுங்க, தம்பி."

வீட்டுக்கு வந்து, வெயில் எட்டாத கிழக்குச் சுவர் ஓரம் பெட்டிகளை வைத்தேன். அப்பா திண்ணையில் இருந்தார். எதிரே போய் நின்று, "அப்பா, பெட்டி உங்களாலே கெடலை. நான் ஜன்னலுக்குக் கீழே வச்சதுதான் காரணம். உங்களைத் திட்டினது தப்பு" என்றேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னதில், தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"அதுக்கு ஏண்டா இப்படிக் கத்தறே?" என்றார் அப்பா.

"ரெண்டு மாசமா கோவிச்சுக்கிட்டுப் பாட்டே போடலையே நீங்க!"

"கோவமா? நம்மாலே கெட்டுதுன்னியே, இன்னும் கொஞ்ச நாள் அது நல்லா இருக்கட்டுமேன்னு விட்டு வச்சேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உள்ளே போய்ச் சோமுவைப் போட்டேன், குமிழைக் காலளவில் நிறுத்தி. பின்னால் ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நான் சொல்லாமலே அப்பா தம் நாற்காலியைப் பெட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.