பெயருக்கு முன்னால் ஒரு நாடு



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ‘என் குடும்பம்’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் தன் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்று எழுதி, பிறகு அழிப்பானால் அழித்திருந்தான். காரணம் கேட்டேன். தலைகுனிந்தான். என்னால் அவனைக் கடிந்துகொள்ள முடியவில்லை.

நானும் ஜெம்போல் வட்டாரத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். அப்பா விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படுகையில் வானொலியைத் திறந்துவிட்டுத்தான் தேநீர் அருந்துவார். மலேசியா வாசுதேவனின் குரல் ஒலித்தால், “நம்ம நாட்டுப் பிள்ளைம்மா!” என்பார். அந்நேரம் அவர் முகத்தில் தோன்றும் பெருமிதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

ஆனால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், “எந்த ஊர்?” என்று தோழியர் கேட்டபோது நான் சொன்ன பதில் ‘சிரம்பான்’. தோட்டத்தின் பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்றிரவு விடுதி அறையில் யாரோ ஒலிநாடா போட்டார்கள், அதே குரல். எனக்கு உறக்கம் வரவில்லை.

அவர் 1944 ஜூன் 15ஆம் நாள், ஜப்பானியர் ஆட்சிக்காலத்து மலாயாவில், மலையாளக் குடும்பமொன்றில் பிறந்தவர். இங்கு மேடைகளில் பாடிப் பழகி, வாய்ப்புத் தேடிச் சென்னை சென்றார். 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ திரைப்படத்தில், இளையராஜாவின் இசையில் கமல்ஹாசனுக்காகப் பாடிய பாடல் அவரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது. ‘முரட்டுக்காளை’யில் (1980) ரஜினிகாந்துக்கும், ‘முதல் மரியாதை’யில் (1985) சிவாஜி கணேசனுக்கும் பொருந்திய குரல் அது. ‘ஒரு கைதியின் டைரி’யில் (1985) வில்லனாகவும் நடித்தார். 2011 பிப்ரவரி 20ஆம் நாள், 66ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அன்று மாலை அப்பா நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

அக்குரல் இன்னும் வாழ்வதற்குக் காரணம் என்ன? அதில் மெருகைவிட மண்வாசனை மிகுதி. வேலை முடித்துக் களைத்து வரும் மனிதர் வாய்விட்டுப் பாடுவதுபோல் இருக்கும். அத்துடன், பிழைக்கப் போன ஊரில் அவர் தாம் வந்த இடத்தை மறைக்கவில்லை; அதையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னேன். கல்லூரியில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். வகுப்பு அமைதியானது. அந்த மாணவன் மெல்லக் கேட்டான்: “டீச்சர், உங்க தோட்டத்துப் பேரு என்ன?”

சொன்னேன். இருபது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமான பதில்.

லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. ஆயினும் நம் தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்டத்தின் பெயரை இன்னும் சுமந்து நிற்கின்றன. பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குத் தாத்தா பாட்டியின் தோட்டத்துப் பெயர் தெரியுமா? இன்றிரவே சொல்லிவிடுங்கள்.