பின்வளவு அடுப்பு

யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில் மாட்டிறைச்சிக் கறி வைப்பதென்றால் முதற்கேள்வி என்ன தூள், எவ்வளவு உறைப்பு என்பதல்ல. அடுப்பை எங்கே மூட்டுவது என்பதுதான். சைவ வீட்டுக் குசினிக்குள் அது நுழையாது. ஆட்டுக்கும் கோழிக்கும் செவ்வாய் வெள்ளி பார்த்தால் போதும். மாட்டுக்கு ஏழு நாளும் விலக்கு. ஆகவே சாப்பிடுகிறவர்கள் பின்வளவில், கிணற்றடியைத் தாண்டி வேலியோரம் மூன்று கல்லை வைத்துக்கொண்டார்கள். அதற்கென்று தனிச்சட்டி, தனி அகப்பை. கழுவியபின் இரண்டும் ஆட்டுக்கொட்டில் இறப்பிலே செருகிக் கிடக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாததுபோல முன்விறாந்தையில் இருந்துகொள்வார்கள்.

இந்த விலக்கைச் சும்மா பழைய பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை. அவர்களுடைய சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கொடுக்கவேண்டும் என்று கட்டளை இருந்ததாம். தன்முறை வந்தபோது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் கொடுக்க மனமில்லாமல் இரவோடிரவாக இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சிதம்பரத்தில் அவர் பெயரால் குளம் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கிழவிக்கு மாட்டிறைச்சி பறங்கி அதிகாரத்தின் மிச்சம். அவ மூக்கைப் பொத்துவதில் நியாயம் உண்டு. அதற்காக நான் சாப்பிடாமல் விடுவதுமில்லை.

இந்தக் கறியை நான் சமைக்கப் படித்தது ஊர்காவற்றுறைப் பக்கத்தில், ஒரு கத்தோலிக்க வீட்டில். அங்கே நத்தாருக்கு இந்தக் கறி குசினிக்குள்ளேயே கொதிக்கும். கூட்டாளியின் தாயை எல்லாரும் அன்ரி என்போம். அவ முதலிற் சொன்னது இதுதான்: “ஆடு சமைக்கிற மாதிரி இதைச் சமைக்காதை பிள்ளை. ஆடு உனக்காகக் கெதியா அவியும். மாட்டுக்கு நீதான் காத்திருக்க வேணும்.”

இறைச்சி வாங்கும்போதே பாதிக்கறி முடிந்துவிடுகிறது. பலர் சவ்வில்லாத தொடைச்சதையைக் கேட்டு வாங்குகிறார்கள். அது நெடுநேரம் அவிந்தால் நார்நாராகக் காய்ந்துபோகும். கெண்டைக்கால், கழுத்து, தோள் இவைதான் வேண்டும். சவ்வில் இருக்கிற கொலாஜன் ஏறக்குறைய 70 பாகை சூட்டில் மெல்ல இளகத்தொடங்கி, மணிக்கணக்கில் ஜெலற்றினாக மாறும். குழம்புக்கு வழுவழுப்பு வருவது அதனால். சூடு மிஞ்சிச் சட்டி தளதளவென்று கொதித்தால் சதை சுருங்கித் தன் தண்ணீரையெல்லாம் கக்கிவிடும். தரவையில் வருடக்கணக்காக மேய்ந்த எங்கள் நாட்டுமாட்டுக்குச் சவ்வு முற்றல். ஆகையால் இன்னும் கூடநேரம் பிடிக்கும்.

துண்டு பெரிதாக இருக்கட்டும், அவிய அவியச் சிறுக்கும். உப்பு, மஞ்சள், வறுத்தரைத்த யாழ்ப்பாணத்துத் தூள், இடித்த இஞ்சி உள்ளி எல்லாம் பிரட்டி ஒரு மணித்தியாலம் ஊறவிட வேண்டும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, றம்பை, கறுவா, ஏலம், கராம்பு தாளித்து, வெங்காயம் பொன்னிறமானதும் இறைச்சியைப் போட்டுக் கிளறினால் அது தானே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை அவசரப்படக்கூடாது. பிறகு இறைச்சி மூடச் சுடுதண்ணீர். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அன்ரி கையில் அடிப்பா. கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு மூடியைப் போட்டால் இரண்டரை, மூன்று மணித்தியாலம் அந்தப் பக்கம் அதிகம் போகத்தேவையில்லை.

தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு நேரம் கொதித்தால் பால் திரைந்து எண்ணெயாகப் பிரிந்து நிற்கும். இறைச்சி அகப்பைக்கு உடைகிற பதம் வந்தபிறகு முதற்பால் விட்டு ஒரு கொதி. பெருஞ்சீரகமும் கறுவாவும் வறுத்திடித்த சரக்குத்தூள் தூவி இறக்கி, தேசிக்காய்ப்புளி கடைசியில். பப்பாசிக்காய் அரைத்துப் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிலுள்ள பப்பெய்ன் மேற்சதையைத்தான் கூழாக்கும், உள்ளே எட்டாது. சிரட்டைத்துண்டு போடுகிறவர்களோடு சண்டையில்லை. அதனால் நட்டமுமில்லை, நயமுமில்லை.

இத்தனையும் தெரிந்தபிறகுதான் பின்வளவு அடுப்பின் அருமை எனக்கு விளங்கியது. அங்கே எரித்தது குசினிக்கு உதவாத பனைமட்டையும் ஊமலும். மட்டை பற்றியெரிந்து அணைந்துவிடும், ஊமல் தணலாகக் கிடந்து கனியும். பக்கத்தில் நின்று அடிக்கடி கிண்டவும் ஆளில்லை. ஆரும் கண்டுவிடப்போகினம் என்று எல்லாரும் விலகியே இருப்பார்கள். அந்தச் சட்டிக்குக் கிடைத்தது எரிந்தடங்கிய நெருப்பும் நீண்ட பின்னேரமும். மாட்டிறைச்சிக்கு வேண்டியதும் அவைதான். வீட்டுக்குள் விட்டிருந்தால், மத்தியானச் சோற்றுக்கு நேரமாகுது என்று பெருநெருப்பில் வைத்துத் தோலாக்கியிருப்பார்கள்.

ஊரே கலைந்ததும் இந்தக் கறியின் கதைக்குள் வருகிறது. 1990, 91இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். சந்தைகளில் இறைச்சி வெட்டியவர்களில் பலர் அவர்கள். அந்தக் கணக்கு எந்தக் கறியாலும் தீராது. சனம் திரும்பிவந்த தீவகத்தில் இன்றைக்கு மாட்டுக்களவு பெரிய தலையிடி. இரவில் ஓட்டிப்போய்ப் பற்றைக்குள் வெட்டிவிடுவார்கள், விடியப் பார்த்தால் தலையும் தோலும் கிடக்கும். பால்மாட்டை அப்படி இழந்த குடும்பத்தின் முகத்தைப் பார்த்தவர்கள், அனுமதியுள்ள கடைக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கமாட்டார்கள். 2020 செப்டெம்பரில் மாடறுப்புத் தடைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, உண்பவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்றும் சொன்னார்கள். வெளிநாட்டு மாடென்றால் பாவமில்லை என்ற அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் பிறஷர் குக்கரில் முக்கால் மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறாள். அங்கே இறைச்சி இளமாடு, குக்கருக்குள் சூடு 120 பாகைக்குக் கிட்ட ஏறும், அவியத்தான் செய்யும். “ஆனா அண்ணை, குழம்பு தண்ணியா நிக்குது” என்று தொலைபேசியில் முறைப்பாடு. மூடியைத் திறந்து, சின்ன நெருப்பில் இன்னும் அரை மணித்தியாலம் விடச்சொன்னேன். அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் எந்த யந்திரமும் மிச்சம்பிடித்துத் தராது.

எதோடு சாப்பிடுவது என்பதில் அன்ரியோடு எனக்கு ஒத்துவராது. அவ புட்டுக் கட்சி. புட்டு குழம்பை ஒரே மூச்சில் குடித்துவிடுகிறது. மூன்று மணித்தியாலம் காத்துக் கிடந்த குழம்பு கண்முன்னே காணாமற்போகும். நான் றோஸ்பாண் கட்சி. முறுகல் பக்கத்தைப் பிய்த்துத் தொட்டால் குழம்பு மேலேயே நிற்கும், இன்னொருக்கால் தொட இடமும் மிஞ்சும்.