பாலையும் நெய்தலும் சேரும் கரை

மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியாவில் கள்ளிக்காடு நேராகக் கடலில் போய் முடிகிறது. அந்தக் கரையோரம் சர்ஃபிங் பலகையும் கூடாரமுமாகப் பன்னிரண்டு நாட்கள்.

பாலை என்று தனியே ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டு திரிந்தால் அதுவே பாலை என்பது தமிழ் படித்தவர்களுக்குப் பழகிய பாடம். அந்தப் பாடத்தில் கடற்கரைக்கு இடமில்லை. ஆனால் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒல்லியான விரல் போலத் தெற்கே நீளும் பாஹா கலிபோர்னியாவில் பாலையும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் வலது பக்கம் பனைமர உயரத்துக்குக் கள்ளி, இடது பக்கம் பசிபிக் அலை. நடுவில் மனித வாசனையே இல்லாத மணல்.

காரணம் கடல்தான். வடக்கிலிருந்து கீழிறங்கும் கலிபோர்னியா நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்துபோவதால் மேலெழும்பி மழையாக மாறுவதில்லை. மூடுபனியாகக் கரையில் தவழ்வதோடு சரி. பாலைவனத்தில் கூடாரம் தினமும் விடிகாலையில் சொட்டச் சொட்ட நனைந்திருப்பது முதல் இரண்டு நாட்கள் வேடிக்கையாக இருந்தது. அதே குளிர்ந்த நீர்தான் ஆழத்திலிருந்து சத்துகளை மேலே கொண்டுவந்து இந்தக் கடலில் மீன் செழிக்கவும் காரணம். கரையில் எதுவும் விளையாது. கடலில் எல்லாம் விளையும்.

என் கணவருக்குச் சென்னைக்கு அருகே கோவளத்தில் பிடித்த பைத்தியம் இந்த சர்ஃபிங். நாற்பது வயதுக்கு மேல் பிடித்ததால் தெளியவில்லை. எனக்கு அலையைக் கரையிலிருந்து பார்ப்பதே போதும். தலைவனும் தலைவியும் பாலை கடந்து போவதைச் சங்க இலக்கியத்தில் உடன்போக்கு என்பார்கள். எங்கள் வயதுக்கு அந்தச் சொல் கொஞ்சம் அதிகம். பிப்ரவரியில், ஒரு நண்பரின் பழைய பிக்கப் வண்டியில், அமெரிக்காவின் ஸான் டியேகோவிலிருந்து எல்லை கடந்தோம்.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியருக்கு மெக்ஸிகோ தனி விசா கேட்பதில்லை. ஆனால் அமெரிக்க வாகன இன்ஷூரன்ஸ் எல்லைக்கு அப்பால் செல்லாது. மெக்ஸிகோவுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். டிஹுவானாவில் தொடங்கி தெற்கு முனையில் காபோ ஸான் லூகாஸ் வரை போகும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை 1,711 கி.மீ. நீளம். 1973ல்தான் முழுதாகத் தார் கண்டது. அதற்கு முன்பு தீபகற்பத்தைத் தாண்டுவது என்பது வண்டியின் அச்சு உடையும், உடைந்தால் தானே சரி செய்துகொள்வோம் என்று நம்பியவர்களின் வேலை.

அலைக்கும் காப்பு

எல்லையிலிருந்து சுமார் 100 கி.மீ. தெற்கே என்ஸெனாடா. சோள ரொட்டியில் பொரித்த மீனையும் முட்டைக்கோஸையும் வைத்து எலுமிச்சை பிழிந்து தரும் மீன் டாக்கோவுக்குப் பேர்போன துறைமுகம். நம் ஊர் வஞ்சிர வறுவலின் தூரத்து உறவு. இந்த விரிகுடாவை 2014ல் உலக சர்ஃபிங் காப்பகமாக அறிவித்தார்கள். காட்டுக்கும் மிருகத்துக்கும் காப்பகம் கேள்விப்பட்டிருக்கிறோம், அலைக்குமா? அலை என்பது வெறும் தண்ணீர் இல்லை என்பதைப் பயணத்தில் பின்னால் புரிந்துகொண்டேன்.

என்ஸெனாடாவைத் தாண்டியதும் ஒரு நிழல் விழுகிறது. 2024ல் இதற்குத் தெற்கே கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த மூன்று சர்ஃபிங் இளைஞர்கள் கொலை செய்யப்பட்டார்கள். இருவர் ஆஸ்திரேலியச் சகோதரர்கள், ஒருவர் அமெரிக்கர். வண்டியைத் திருடத்தான் என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம். என்ஸெனாடா மக்கள் வீதியில் இறங்கிப் பாதுகாப்பு கேட்டு ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலம் வெளிநாட்டுப் பயணிகளுக்காக மட்டும் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடி வருஷக்கணக்கில் அலையும் குடும்பங்கள் மெக்ஸிகோ முழுதும் இருக்கின்றன. நாங்கள் எங்களுக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டோம். இரவில் வண்டி ஓட்டக்கூடாது (சாலையில் மாடுகள் படுத்திருப்பது இன்னொரு காரணம்). தனியாக எங்கும் கூடாரம் போடக்கூடாது. மீனவர் குடியிருப்பு பார்வையில் இருக்க வேண்டும்; முதலில் போய் அனுமதி கேட்க வேண்டும். மெக்ஸிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. ஆனாலும் கேட்டுவிட்டு அமர்கிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு.

அடுத்து ஸான் கின்டின் சமவெளி. பிளாஸ்டிக் வலைக் கூடங்களுக்கு உள்ளே தக்காளியும் ஸ்ட்ராபெரியும். பெரும்பகுதி எல்லை தாண்டி அமெரிக்க சாப்பாட்டு மேஜைக்குப் போகிறது. பறிப்பவர்களில் ஏராளமானோர் தெற்கே ஒஹாகா மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த பழங்குடியினர். அவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. 2015 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்து இதே நெடுஞ்சாலையை மறித்தார்கள். உறிஞ்சி உறிஞ்சி நிலத்தடி நீரில் கடல் புகுந்துவிட்டதால் பண்ணைகளில் இப்போது உப்பு நீக்கிய நீரைப் பாய்ச்சுகிறார்கள். கூலிக்காரர் குடியிருப்புகளில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து டிரம்கள் வாசலில் நிற்கின்றன. இந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தலைகீழ் காரட்

எல் ரொஸாரியோவில் டாங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு அப்பால் சுமார் 300 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க்கை நம்பிப் போக முடியாது. நடுவில் கடாவீன்யாவில் சாலையோரம் டிரம்மிலிருந்து கேனில் ஊற்றி விற்பார்கள். சாலை இங்கே கடலை விட்டு உள்ளே திரும்புகிறது. யானை யானையாக உருண்டைப் பாறைகள். இடையிடையே சீரியோ மரம். ஸ்பானிஷில் மெழுகுவர்த்தி என்று பொருள். பிடுங்கித் தலைகீழாக நட்ட பெரிய காரட்டைக் கற்பனை செய்துகொண்டால் போதும். இந்தத் தீபகற்பத்தையும் எதிர்க்கரையில் ஒரு சிறு பகுதியையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை.

இங்கே வாழ்ந்தவர்கள் கொசீமி மக்கள். 1697ல் ஏசு சபைப் பாதிரியார்கள் லொரேட்டோவில் காலூன்றினார்கள். 1768ல் அவர்களை ஸ்பெயின் அரசே வெளியேற்றியது. வந்த நோய்கள் போகவில்லை. மக்கள் அழிந்தார்கள், மொழியும் அழிந்தது. பாதிரியார்கள் எழுதிவைத்த சில குறிப்புகளும் இடப்பெயர்களும் மிச்சம். பேச ஆளில்லாத மொழியில் எழுதிய ஜெபத்தை இனி யாருக்காக மொழிபெயர்ப்பது?

மண் அடைத்த துறைமுகம்

பாறைக்காட்டைத் தாண்டி மீண்டும் மேற்கே திரும்பினால் ஸான்டா ரொஸாலில்லீடா. முனைகள் வரிசையாகக் கடலுக்குள் நீளும் கரை இது. குளிர்காலத்தில் வடபசிபிக் புயல்கள் கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம் செய்து வந்து முனையில் வளைந்து, கரையோரமாக ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு வரிசையாக உடைகின்றன. ஒரே அலையில் பல நூறு மீட்டர் போகலாம். தண்ணீர் பதினைந்து டிகிரி அளவில்; ரப்பர் உடை இல்லாமல் இறங்க முடியாது. காலை பத்து, பதினொன்று வரைதான் கடல் கண்ணாடி. அதன் பிறகு வடமேற்குக் காற்று எழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். பிறகு நாள் முழுதும் மணலோடு போராட்டம்: சாதத்தில் மணல், தலையணையில் மணல். கூடார முளை மணலில் நிற்காது. பையில் மணலை நிரப்பிக் கயிறு கட்டிப் புதைக்க வேண்டும். பாத்திரம் கடல் நீரில் கழுவி, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர்.

மூன்றாம் நாள் மாலை தலை துவட்டிக்கொண்டே வந்து கேட்டார்.

"தண்ணி எவ்வளவு இருக்கு?"

"இருபது லிட்டர் இருக்குங்க."

"அப்ப நாளைக்கும் இங்கேயே இருந்துடலாமா?"

அலை இருக்கும் வரை அல்ல, தண்ணீர் இருக்கும் வரை. அதுதான் இந்தக் கரையின் காலண்டர்.

ஆனால் இங்கே அலையைவிடப் பாடம் சொல்வது ஒரு கல்லணை. 2001ல் மெக்ஸிகோ அரசு 'கடல் படிக்கட்டு' என்று ஒரு திட்டம் அறிவித்தது. தீபகற்பத்தைச் சுற்றிலும் உல்லாசப் படகுத் துறைகள். அமெரிக்கப் பணக்காரர்களின் படகுகள் வந்து குவியும் என்று கணக்கு. இந்தக் கரையில் இறங்கும் படகுகளை லாரியில் ஏற்றி, பாலைவனத்தின் குறுக்கே எதிர்க்கரைக்குக் கொண்டுபோகவும் ஏற்பாடு. ஸான்டா ரொஸாலில்லீடாவில் கல்லைக் கொட்டித் துறை கட்டினார்கள். இந்தக் கரையில் அலை மணலை ஓயாமல் தெற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் துறைக்குள் புகுந்து நிரம்பியது. படகுக் கூட்டம் வரவில்லை. நல்ல அலை ஒன்றும் கெட்டது. கடலடி மணலும் பாறையும் கிடக்கும் விதத்தால்தான் அலைக்கு உருவம். அதைத் தொட்டால் அலை போய்விடும். என்ஸெனாடாவில் கேட்ட 'அலைக்குக் காப்பகம்' இங்கே அர்த்தமாயிற்று.

உப்பா, திமிங்கிலமா?

இருபத்தெட்டாவது அட்சரேகையில் மாநிலம் மாறுகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்க வேண்டும். எல்லையில் கெரேரோ நெக்ரோ. பெயருக்குக் 'கறுப்பு வீரன்' என்று அர்த்தம். 1858ல் இங்கே தரைதட்டிய அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயரை அப்படியே ஸ்பானிஷாக்கிவிட்டார்கள். 1950களில் தொடங்கிய இங்குள்ள உப்பளம் உலகிலேயே மிகப் பெரியது. ஆண்டுக்கு 70 லட்சம் டன் அளவுக்கு உப்பு. தெப்பங்களில் செட்ரோஸ் தீவுக்குப் போய் அங்கே பெரிய கப்பல்களில் ஏறுகிறது. தூத்துக்குடி பாத்திகளைப் பார்த்த கண்ணுக்கும் இந்த வெள்ளை முடிவில்லாததாகத் தெரிகிறது.

மெக்ஸிகோ அரசும் ஜப்பானின் மிட்ஸுபிஷியும் பங்குதாரர்களாக இருந்த இந்த நிறுவனம் (2024ல் முழுதாக அரசு வசம் வந்தது) 1990களில் தெற்கே ஸான் இக்னாசியோ காயலில் இன்னொரு உப்பளம் கட்டத் திட்டமிட்டது. சுமார் 300 சதுர கி.மீ. பரப்பு. கடலுக்குள் ஒன்றரை கி.மீ.க்கும் மேல் நீளும் ஏற்றுமதி மேடை, பூன்டா அப்ரெயோஹோஸ் கிராமத்துக்குப் பக்கத்தில். அந்தக் காயல் சாம்பல் திமிங்கிலங்களின் பிரசவ அறை. 1993ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம்.

இந்தப் போராட்டத்தைப் பொதுவாக உலகச் சுற்றுச்சூழல் அமைப்புகளின் வெற்றியாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மறுபாதி அப்ரெயோஹோஸில் இருக்கிறது. 'கண்ணைத் திற' என்பது பெயரின் பொருள். பாறைத் திட்டுக்கு மாலுமிகள் வைத்த எச்சரிக்கை. சிங்கி இறாலும் அபலோனி சிப்பியும் இவர்கள் சோறு. மீன்பிடிப்பது கூட்டுறவு சங்கம். பருவம் தவறிப் பிடிப்பதில்லை, திருடர்களைத் தாங்களே இரவில் காவல் காக்கிறார்கள். பாஹாவின் சிங்கி இறால் கூட்டுறவுகளுக்கு 2004ல் சர்வதேச நிலைத்த மீன்பிடிச் சான்று கிடைத்தது. வளரும் நாடுகளின் சிறு மீனவர்கள் அப்படிப் பெற்றதில் இவர்கள் முன்னோடிகள். உப்பு மேடை வந்தால் பிழைப்பு போகும் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு எதிர்த்தார்கள். வேலை வரும் என்று ஆதரித்தவர்களும் இருந்தார்கள். பாலைவனத்தில் சம்பள வேலை சின்ன விஷயமில்லை. 2000 மார்ச்சில் அதிபர் எர்னஸ்டோ செடியோ திட்டத்தைக் கைவிட்டார். 2005ல் காயலைச் சுற்றியுள்ள கூட்டு நில உரிமையாளர்கள், வருடாந்திரத் தொகைக்கு ஈடாக, சுமார் 1,20,000 ஏக்கரில் கட்டடம் எழுப்புவதில்லை என்று ஒப்பந்தம் செய்தார்கள்.

காயலில் பலகைக்கு வேலையில்லை. உரிமம் பெற்ற மீனவர் படகில்தான் போக வேண்டும். வேட்டைக் காலத்தில் இதே திமிங்கிலத்துக்குப் பெயர் 'பிசாசு மீன்'; குட்டியைக் காக்கப் படகை உடைக்கும். 1972ல் பிரான்சிஸ்கோ மயோரால் என்ற மீனவரின் படகருகே ஒன்று வந்து நின்றது. அவர் தயங்கிக் கை நீட்டித் தொட்டார். அன்றிலிருந்து பழக்கம் மாறிற்று. எங்கள் படகிலும் ஒரு தாய் குட்டியைக் கீழிருந்து தூக்கிக் காட்டியது. குட்டியே ஒரு டன்னை நெருங்கும். தொட்டால் தோலுரித்த முட்டையைப் போல வழவழப்பு. தாயின் முதுகிலோ சிப்பிகள் ஒட்டிச் சொரசொரப்பு. அலையைத் தவிர எதற்கும் அசையாத என் கணவர் படகில் ஒரு வார்த்தை பேசவில்லை.

படகோட்டி பேசினார். முன்பெல்லாம் குட்டிகளை எண்ணி முடியாது, இப்போது எண்ண முடிகிறது என்றார். புள்ளிவிவரமும் அதையே சொல்கிறது. 2016ல் சுமார் 27,000 ஆக இருந்த கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கிலங்கள் 2025 மதிப்பீட்டில் சுமார் 13,000. அந்த வருஷம் வடக்கே போன குட்டிகள் சுமார் 85 என்று அமெரிக்க விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். போக வர 16,000 கி.மீ.க்கும் மேல் நீந்தும் இவை கோடையில் ஆர்க்டிக் கடலடியில் தின்றுதான் ஆண்டு முழுதும் தாக்குப்பிடிக்கின்றன. அங்கே பனி உருகிக் கடல் மாற, இரை குறைகிறது. மெலிந்த தாய் குட்டி ஈனுவதில்லை.

உப்பளத்துக்கு ஒரு முதலாளி இருந்தார், ஓர் அதிபர் இருந்தார். கடிதம் எழுத விலாசம் இருந்தது. இந்தக் கரையின் மீனவர்கள் எதிர்த்தார்கள், ஜெயித்தார்கள். ஆர்க்டிக் சூடாவதற்கு விலாசம் எல்லா நாட்டிலும் இருக்கிறது, எங்கள் பிக்கப்பின் புகைக்குழாய் உட்பட. காவல் காத்த வீட்டுக்கு விருந்தாளி வருவது குறைந்துகொண்டே போனால் என்ன செய்வது என்று படகோட்டிக்குத் தெரியவில்லை. அடுத்த பருவத்துக்குப் படகுக்குப் புதுச் சாயம் அடிக்கப்போவதாக மட்டும் சொன்னார்.