பரேடு மைதானத்திலிருந்து பரங்கிமலைக்கு

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதாமலே விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், 19 முதல் 25 வரை வயது இருந்தால், பட்டியலில் இடம்பெற்றவர்களை நேரே ராணுவத் தேர்வு வாரியமான எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். தஞ்சை வட்டாரக் கல்லூரிகளில் காக்கி உடுத்தும் பிள்ளைகள் பலர் இதை மனத்தில் வைத்துத்தான் சேர்கிறார்கள். பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிக்காகச் சேர்பவர்களும் உண்டு. அவர்களிலும் நல்ல கேடட்கள் வருகிறார்கள்.

பிளஸ் டூ முடித்து தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி.க்கு 900. டேராடூனில் உள்ள ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வில் ‘சி’ சான்றிதழ்காரர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதற்கும் தேர்வு எழுதியாக வேண்டும்.

சான்றிதழ் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். கல்லூரியில் என்.சி.சி.யை நடத்தும் பேராசிரியர்கள் இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள், பிள்ளைகள் நம்புவதில்லை. எஸ்.எஸ்.பி.யில் முதல் நாள் வடிகட்டலில் தேறாதவர் அன்றே பெட்டியைத் தூக்க வேண்டியதுதான், கேடட்களுக்குத் தலைமை தாங்கும் அண்டர் ஆபீசராக இருந்தாலும் சரி.

அந்த அண்டர் ஆபீசர் பழக்கமே சில சமயம் காலை வாரும். எஸ்.எஸ்.பி.யில் கயிறு, பலகை, பீப்பாயோடு ஒரு குழுவைத் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். சிவப்புச் சாயம் பூசிய இடத்தில் கால் படக் கூடாது. அங்கே யாரையும் தலைவராக நியமிப்பதில்லை. பரேடில் ‘சாவ்தான்’ என்று கத்திக் கத்திப் பழகியவன் இங்கேயும் கத்துவான், அடுத்தவன் யோசனை அவன் காதில் ஏறாது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்போது பக்கத்து வயல்காரரிடம் நயமாகப் பேசி மடையைத் திறக்க வைத்தவனுக்கு இந்த இடம் எளிது.

ஆனால் அதைச் சொல்லத் தெரிய வேண்டுமே! எஸ்.எஸ்.பி.யில் நிரப்பித் தரும் தன்விவரப் படிவத்தில் என்.சி.சி.க்கு ஓர் இடம், வகித்த பொறுப்புகளுக்கு இன்னோர் இடம். நேர்முகம் காணும் அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார். கடைமடைக் கிராமத்துக் கேடட் ஒருவர் பயிற்சிக்காக நிரப்பிய படிவத்தைப் பார்த்துப் பேராசிரியர் கேட்டார்:

“என்னப்பா, பொறுப்புன்னு கேட்ட இடத்தைக் காலியா விட்டிருக்கே?”

“எழுத ஒண்ணும் இல்ல சார்.”

“இந்த வருஷம் குறுவை யாரு பாத்தது?”

“நான்தான் சார். அப்பாவுக்கு முடியல.”

நாற்று விட்டது, நடவுக்கு ஆள் பேசியது, கூலி கணக்கு, மேட்டூர் தண்ணீர் வரும்வரை பம்புசெட்டை வைத்துச் சமாளித்தது என்று எல்லாம் அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துப்பாக்கி சுடும் பயிற்சியைப் பற்றி அவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார்.

முகாம், பரேடு எல்லாம் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ஊர் விட்டு ஊர் போய்க் கூடாரத்தில் தங்கி, பாஷை தெரியாதவர்களோடு பழகியவருக்கு எஸ்.எஸ்.பி. மையம் அந்நியமாக இருக்காது. ஆங்கிலத்தில் வாய் திறக்கும் கூச்சமும் முகாம்களில்தான் பாதி போகிறது.

இந்தச் சிறப்பு நுழைவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிப்பு வரும். அதற்குமுன், முகாமில் செய்ததையும் ஊரில் செய்ததையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். செய்யாததை மட்டும் எழுத வேண்டாம். இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.